சந்தனம் வைத்த ஃபில்டர்

ஆயுத பூஜை வந்தால் ஊரே பொரியும் கடலையுமாகக் குதூகலிக்கும். எனக்கு மட்டும் அடிவயிறு பற்றி எரியும். "விட்டுத்தொலையேன், எத்தினி நாளைக்கிதான் அதையே புடிச்சிக்கினு இருப்ப?" என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்கள் வீட்டில் எதுவும் சாகவில்லை. அதனால் அவர்களுக்கு விட்டுத்தொலைப்பது சுலபம். நான் விடவில்லை, விடுகிற உத்தேசமும் இல்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தண்ணீர் பரிசோதிக்கிற வேலை எனக்கு. பாய்லருக்குள் போகிற தண்ணீரில் சுண்ணாம்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று காலையிலும் மாலையிலும் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து போர்த் தண்ணீரைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த வட்டாரத்தில் யாரும் இல்லை என்று துணிந்து சொல்வேன். பக்கெட்டில் வெள்ளையாகத் தோல் கட்டும். குழாய் வாயில் கல் வளரும். பருப்பு வேகவே வேகாது. தலைக்கு ஊற்றினால் முடி கையோடு வரும். எங்கள் தெருவில் இந்தத் தண்ணீரைத் திட்டாமல் யாரும் பொழுதை ஆரம்பிப்பதில்லை. குடிப்பதற்கு எல்லார் வீட்டிலும் கேன் தண்ணீர்தான்.

மகன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலுக்குப் போன வருஷம் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வந்தால் பேச ஆள் இல்லை. ஒருநாள் பொன்னேரியில் மீன் தொட்டி விற்கிற கடைக்குள் சும்மா நுழைந்தேன். சிவப்பாகவும் நீலமாகவும் குட்டிக் குட்டியாக மின்னிக்கொண்டிருந்தவற்றைக் காட்டி விலை கேட்டேன். கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும் கையை விரித்தார்.

"போர் தண்ணியாக்கா? அப்ப இதுங்க வேணாம். ரெண்டே நாள்ல மல்லாந்துக்கும். அதோ, அந்தக் கடைசித் தொட்டியப் பாருங்க. ஆப்பிரிக்கா சிக்லிட்டு. கல்லும் சுண்ணாம்பும் கீற ஏரியில பொறந்ததுங்க. உங்க ஊரு தண்ணி அதுங்களுக்கு அமிர்தம்."

எலுமிச்சம்பழ நிறத்தில், முதுகுத் துடுப்பில் கறுப்புக் கோடு போட்டு, விரல் நீளத்தில் ஒரு கூட்டம் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து என்னையே முறைத்துக்கொண்டிருந்தது. ஊரே காறித் துப்புகிற தண்ணீரில்தான் நாங்கள் வாழ்வோம் என்கிற ஒரு ஜாதி மீன்! எனக்கு எப்படியிருந்திருக்கும் சொல்லுங்கள். அன்றைக்கே எட்டு வாங்கிவிட்டேன்.

என்னிடம் இடம் கிடையாது. கூடத்தில் தையல் மிஷின் இருந்த மூலையில் இரண்டரை அடித் தொட்டிதான் வைக்க முடிந்தது. இந்த மீன்களுக்கு அது சின்னது. "சின்னத் தொட்டின்னா ஒரே ஜாதியா வைங்க. ஆம்பள ஒண்ணு போதும், மத்ததெல்லாம் பொட்டையா பாத்துத் தரேன். கல்ல மேல வரைக்கும் அடுக்கிடுங்க, ஒண்ணு கண்ணுல ஒண்ணு படாம ஒளிய எடம் வேணும்" என்றார் கடைக்காரர். கம்பெனி மேலாளரிடம் கேட்டு, உலைக்காக வந்து குவிந்திருந்த சுண்ணாம்புக் கல்லில் ஒரு மூட்டை வாங்கி வந்தேன். தேய்த்துக் கழுவி, பொந்து பொந்தாக அடுக்கினேன். அடுக்கிய மறுநிமிஷமே ஆண்மீன் நடுப்பொந்தைப் பிடித்துக்கொண்டு மற்ற ஏழையும் விரட்ட ஆரம்பித்தது. ஆப்பிரிக்க ஜாதிகளிலேயே இதுதான் சாது என்று சொல்லிக் கொடுத்தார் அந்த மனுஷன். சாதுவே இப்படியென்றால் மற்றதெல்லாம் எப்படியோ! ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கோபம்தான் எனக்குப் பிடித்தது. சட்டென்று துடுப்பை விறைத்துக்கொண்டு பாய்வதைப் பார்த்தால் என் அம்மா என்னைச் சொல்கிற அத்தனையும் ஞாபகம் வரும்.

அதுகளின் இன்னொரு குணம்தான் என்னைக் கட்டிப்போட்டது. பெண்மீன் முட்டையிட்டதும் அத்தனையையும் வாயில் அள்ளிக்கொள்ளும். அங்கேயே பொரிந்து, அங்கேயே கண் திறந்து, நீந்தத் தெரிகிறவரைக்கும் அம்மா வாய்க்குள்ளேதான் குஞ்சுகள் இருக்கும். மூன்று வாரத்துக்கும் மேல். அதுவரை தாய் ஒரு பருக்கை தின்னாது. தீனி போட்டால் மற்றவை அடித்துக்கொள்ளும், இவள் மட்டும் தாடை வீங்கி, ஒரு பொந்துக்குள் ஒதுங்கி, வாயை மென்றபடி பார்த்துக்கொண்டிருப்பாள். வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிசாகத் தெரியும்.

முதல் தடவை எட்டு நாள் வைத்திருந்து விழுங்கிவிட்டாள். புதுசாகத் தாயானவை அப்படித்தான் செய்யும் என்றார் கடைக்காரர். இரண்டாம் தடவை பன்னிரண்டாம் நாள் விழுங்கினாள். மூன்றாம் தடவை அவள் வாய் உப்பியதைப் பார்த்ததும் நான் காலண்டரில் கோடு போட ஆரம்பித்தேன். தொட்டிக்குப் பக்கத்தில் விளக்குமாற்றைக்கூட மெதுவாகத்தான் இழுப்பேன். பன்னிரண்டு தாண்டியது. பதினான்கு தாண்டியது. பதினைந்தாம் நாள் ஆயுத பூஜை.

இங்கே என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழவேற்காட்டில் ஏரியிலே வலை போடுகிற குடும்பம் அவருடையது. அவர் ஒருத்தர்தான் தண்ணீரை விட்டு இரும்புக்கு வந்தவர். வீட்டை ஒட்டித் தகர ஷெட் போட்டு இரண்டு லேத் வைத்திருக்கிறார். கம்பெனிகளுக்குப் புஷ் என்கிற இரும்பு வளையங்களைக் கடைந்து கொடுப்பார். நல்ல வேலைக்காரர், இதை நான் இல்லையென்று சொல்ல முடியாது. அவரிடம் ஒரு மைக்ரோமீட்டர் உண்டு. தலைமுடியில் பத்தில் ஒரு பங்கைக்கூட அளந்து சொல்லும் கருவி. முதல் சம்பளத்தில் வாங்கியது. வெல்வெட் துணி வைத்த மரப்பெட்டியில் தூங்கும். அதை நானோ மகனோ தொட்டதே கிடையாது. பனியன் துணியால் துடைத்து, எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி பெட்டிக்குள் வைப்பார்.

என் தொட்டி அவருக்குக் கேலிப் பொருள். "எங்க ஆளுங்க மீன புடிச்சித் துன்றாங்கோ. இவ இன்னாடான்னா மீனுக்கு வேலக்காரியா கீறா. கொயம்பு வெக்கக்கூட ஆவாது" என்பார். சிரித்துக்கொண்டு போய்விடுவேன். கேலி எனக்குப் பெரிதில்லை.

எங்கள் பக்கத்தில் தீபாவளிகூட இரண்டாம் பட்சம்தான். இரும்போடு பிழைக்கிற ஊருக்கு ஆயுத பூஜைதான் பெரிய பண்டிகை. லேத்திலிருந்து லாரி வரைக்கும் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சாமி முன்னால் வைப்பார்கள். வைத்ததை மறுநாள் காலை மறுபூஜை முடிந்துதான் எடுக்கலாம். அதுவரை கருவிக்கு ஓய்வு. அந்த வருஷம்தான் நான் தொட்டிக்கு வெளியே தொங்குகிற ஃபில்டர் வாங்கியிருந்தேன். அதற்கு முன்பு தண்ணீருக்குள்ளேயே ஒரு மூலையில் கிடக்கிற ஸ்பாஞ்ச். அது அவர் கண்ணில் பட்டதில்லை. இதில் மோட்டார் இருக்கிறது, லேசாகச் சத்தமும் போடும். அதுதான் வினையாய்ப் போனது.

காலையில் புதுப்புடவை கட்டிக்கொண்டு கம்பெனி பூஜைக்குப் போனேன். பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய்களுக்கெல்லாம் பொட்டு வைத்தோம். பாய்லரை நிறுத்தவில்லை, வாசற்கதவில் மாலை போட்டு ஓடவிட்டுவிட்டார்கள். ஓடுகிறதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். பொரிப் பொட்டலமும் ஸ்வீட் டப்பாவும் வாங்கிக்கொண்டு சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன்.

கூடத்தில் கால் வைத்ததுமே தெரிந்துவிட்டது. சத்தம் இல்லை. தொட்டியில் ஏழு மீனும் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து காற்றுக்காக அடித்துக்கொண்டிருந்தன; சுமக்கிறவள் மட்டும் மூடிய வாயோடு நடுவில் தத்தளித்தாள். சாமி படங்களுக்கு முன்னால் வாழையிலையில் வரிசையாகச் சக் சாவி, டூல் பிட்டுகள், ட்ரில், ஸ்பானர் செட், என்னுடைய மிக்சி ஜார், என்னுடைய ஏர் பம்ப். கடைசியில் என் ஃபில்டர். உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் தனியாக, செராமிக் வளையங்கள் தனியாக, பளிச்சென்று வெள்ளை வெளேரென்று. மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், மேலே ஒரு சாமந்திப் பூ.

"இன்னாயா பண்ணி வெச்சிக்கீற?" என்று அலறினேன்.

அவர் மணையில் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை வெட்டிக்கொண்டிருந்தார். "இன்னாமே கத்துற? சோப்புத் தூள் போட்டு ஒயுங்கா கயுவினேன். எவ்ளோ அழுக்கு தெரியுமா? பயுப்பா சேறு மாதிரி. மெஷினுன்னா அதுக்கும் ஒரு நாள் லீவு வேணாவா?"

அந்தப் பழுப்புச் சேறுதான் மீன்களின் உயிர். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதில் குடியிருந்து, மீன் கழிவில் வருகிற அமோனியாவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும். அது வளர மாசக்கணக்கில் ஆகும். கொல்ல ஒரு பிடி சோப்புத் தூள் போதும். இதையெல்லாம் அவருக்கு நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன், "ம்ம்" என்று கேட்டிருக்கிறார். நான் பாய்ந்து போய் ஃபில்டரை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"சாமி கிட்ட வெச்சத எடுக்காதமே. நாளைக்கி எடுக்கலாம். குத்தமாயிடும்."

கையை உதறிக்கொண்டு எடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன். வரிசையின் தலைமாட்டில் அந்த மரப்பெட்டி இருந்தது. மூடியின் மேல் சந்தனப் பொட்டு. உள்ளே மைக்ரோமீட்டர் எண்ணெய் பூசி, வெல்வெட்டில், ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல். அவருடைய ஆயுதத்துக்குப் பெட்டியின் மேல் பொட்டு. என்னுடையதற்குச் சோப்புத் தூளும் பிரஷ்ஷும். அந்தப் பெட்டியைப் பார்த்த நிமிஷம்தான் எனக்குள் ஏதோ கெட்டியாக உட்கார்ந்தது.

ஸ்பாஞ்சைப் பத்துத் தடவை அலசி மாட்டினேன். காற்று வந்தது, மீன்கள் கீழே இறங்கின. அவர் நினைத்தார் எல்லாம் சரியாகிவிட்டது என்று. எனக்குத் தெரியும், ஓடுவது வெறும் தண்ணீர்க் குழாய் என்று. அந்தக் கிருமிகள் குடியிருக்கிற பழைய ஸ்பாஞ்ச் ஒன்று கேட்டு வாங்கலாம் என்று பொன்னேரிக்கு ஓடினால் பண்டிகைக்குக் கடை மூடி மூன்று நாள் லீவு. காலையும் மாலையும் பாதித் தண்ணீரை மாற்றினேன். ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைக் கம்பெனிக்கு எடுத்துப்போய்ப் பரிசோதித்தேன். சோதனைக் குழாயில் அமோனியாவைக் காட்டுகிற மஞ்சள் ஏறிக்கொண்டே போனது. இந்தத் தண்ணீரில் இன்னொரு சங்கடம், இவ்வளவு காரத்தன்மை இருக்கிற இடத்தில் அமோனியா பல மடங்கு விஷம். இந்த மீன்களுக்கு அமிர்தம் என்று நான் பெருமைப்பட்ட தண்ணீரே கழுத்தைப் பிடித்தது.

இரண்டாம் நாள் ஆண்மீன் போயிற்று. அன்று சாயங்காலம் இரண்டு பெண்கள். செவுள் சிவந்து, பக்கவாட்டில் சாய்ந்து, துடுப்பு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும், பிறகு அதுவும் நிற்கும். நான் லீவு போட்டுவிட்டு வாளியும் கையுமாக நின்றேன். மூன்றாம் நாள் காலை, பதினெட்டாவது கோடு போட வேண்டிய நாள், சுமந்துகொண்டிருந்தவள் பொந்தைவிட்டு வெளியே வந்தாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று வாயைத் திறந்தாள். குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கூழாங்கல்லில் துப்பினாள். விழுங்கவில்லை, பாருங்கள். இந்தத் தடவை அவள் விழுங்கவில்லை.

பதினோரு குஞ்சு. வயிற்றில் மஞ்சள் கரு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கண் இருந்தது, வால் இருந்தது. உறிஞ்சு குழாயால் ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் புது போர்த் தண்ணீர் விட்டு, காற்றுக் குழாயைச் சொருகி, சமையல் மேடையில் வைத்தேன். சாப்பிடவில்லை. பாத்ரூம் போகக்கூட ஓடிப்போய் ஓடி வந்தேன். மத்தியானத்துக்குள் ஆறு போயிற்று. மூணு மணிக்கு மூன்று. சாயங்காலம் விளக்கு வைக்கிறபோது கடைசி இரண்டும் கிண்ணத்தின் அடியில் வெளுத்துக் கிடந்தன. அந்த வாரம் முடிவதற்குள் பெரியவற்றில் குஞ்சு சுமந்தவள் ஒருத்திதான் மிச்சம்.

கடைசி இரண்டும் போன அன்று சாயங்காலமே அவர் ஷெட்டிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தார். கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"சாமி கிட்ட வெச்சத எடுத்த இல்ல, அதான். நான்தான் சொன்னேனே" என்றார். கொஞ்சம் நின்று, "போனா போவுது, வுடு. வேற வாங்கிக்கலாம்" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. கையிலிருந்த கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்க்கத்தான் தோன்றியது. எனக்கு அவரிடமிருந்து வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. தப்பு பண்ணிட்டேன் என்றுகூட வேண்டாம். அது உயிர், அது போய்விட்டது, உனக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரிகிறது, அவ்வளவு போதும். அந்த ஒரு வார்த்தை வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. வரவில்லை. பழியைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு நாஷ்டாவுக்கு என்ன என்று கேட்கிற மாதிரி ராத்திரிக்கு என்ன குழம்பு என்று கேட்டார்.

நான் குழம்பு வைத்தேன். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன், சும்மா விடப்போவதில்லை என்று. கத்திச் சண்டை போட்டால் பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அது எனக்கு வேண்டாம். அந்த மீன் மாதிரி வாயிலேயே வைத்துக்கொண்டேன்.

அவர் விடாமல் ஊட்டி வளர்த்தார், என் ஆத்திரத்தைச் சொல்கிறேன். ஒரு மாசம் கழித்து பிளாஸ்டிக் கவரில் இரண்டு தங்கமீன் வாங்கி வந்து, "இந்தா, ஒன் மீனு" என்றார். தொட்டியில் மிச்சமிருந்தவள் ஒரே நாளில் அதுகளின் துடுப்பைக் கிழித்துவிடுவாள் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். பொங்கலுக்குப் பழவேற்காடு போனபோது, எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்த இடத்தில், "மீனு செத்துப்போச்சின்னு மூணு நாளு சோறு துன்னல இவ" என்று சொல்லிச் சிரித்தார். என் நாத்தனார், "ஏண்ணி, கருவாடு போட்டுருந்தா எங்களுக்கும் ஒரு வாயி குடுத்திருக்கலாமே" என்றாள். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். இலையில் இருந்த இறாலை எண்ணிக்கொண்டே சிரித்தேன். இவர்கள் யாரும் எனக்கு எதிரியில்லை. எனக்கு ஒரே ஓர் ஆள்தான்.

அந்த வருஷம் பூராவும் நான் அவரிடம் நன்றாகத்தான் நடந்துகொண்டேன். டீ வேளைக்குப் போகும். சட்டையில் பொத்தான் தைத்தேன். அவர் ஷெட்டில் வேலை செய்வதை ஜன்னலில் நின்று பார்ப்பேன். புஷ்ஷைக் கடைந்து, மைக்ரோமீட்டரின் இரண்டு தாடைக்கு நடுவில் வைத்து, கண்ணைச் சுருக்கி, திருகைக் காதில் கேட்கிற மாதிரி மெல்லத் திருப்புவார். அந்த முகத்தைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு இனித்தது.

மறு ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் சொன்னேன். "இந்த வருஷம் கம்பெனி பூஜைக்குப் போவல. ஊட்ல நானே எல்லாத்தையும் கயுவி வெக்கிறேன். நீ மெஷின் ரெண்ட மட்டும் தொடச்சிக்க."

அவருக்குச் சந்தோஷம். "அப்ப கோவம் தீந்துபோச்சி இல்ல?" என்று என் கன்னத்தைக் கிள்ளினார். தீர்ந்துபோச்சு என்றேன்.

அன்று காலை அவர் ஷெட்டில் லேத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பின்கட்டில் உட்கார்ந்து மரப்பெட்டியைத் திறந்தேன். வெந்நீர் ஊற்றினேன், அதே சோப்புத் தூளைக் கொட்டினேன், துணி துவைக்கிற பிரஷ்ஷால் திருகின் பல்லுக்குப் பல் தேய்த்தேன். எண்ணெய் வழுவழுப்பு போகிறவரைக்கும் தேய்த்தேன். பிறகு இந்த ஊர் போர்த் தண்ணீரில் அலசினேன். துடைக்கவில்லை. எந்தத் தண்ணீர் எந்த இரும்பை என்ன செய்யும் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளமே. சந்தனத்தைக் குழைத்து மூன்று பொட்டு, ஒன்று திருகின் இடுக்கிலேயே வைத்தேன். குங்குமம் வைத்தேன். சாமந்திப் பூ வைத்தேன். பெட்டியை மூடித் தனியாக வைத்துவிட்டு, கருவியை வாழையிலையில் நடுநாயகமாக வைத்தேன்.

அவர் குளித்து, வேட்டி கட்டி, கற்பூரத் தட்டோடு வந்தார். வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றுவிட்டார். மைக்ரோமீட்டரிலிருந்து தண்ணீர் இன்னும் இலையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒயுங்கா சோப்புத் தூள் போட்டுத்தான் கயுவினேன்" என்றேன். "எவ்ளோ எண்ணெப் பிசுக்கு தெரியுமா?"

அவர் என்னைப் பார்த்தார். புரிந்துவிட்டது, கண்ணிலேயே தெரிந்தது. கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை நீட்டினார். நான் அதற்காகத்தான் ஒரு வருஷம் காத்திருந்தேன். எடு, எடுடா என்று உள்ளுக்குள் துடித்தேன். அவர் எடுத்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகக் கோத்து வைத்திருந்தேன். சாமிக்குக் குத்தமில்லையா, உன் பொருளுக்கு மட்டும் சட்டம் வேறயா என்று ஊர் காதில் விழும்படி கேட்க வேண்டும்.

கை பாதியில் நின்றது. பிறகு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். கற்பூரத்தை ஏற்றினார். மணி அடித்தார். அந்தச் சொட்டுகிற இரும்புக்கும் சேர்த்துத் தட்டைச் சுற்றிக் காட்டினார். எடுக்கவில்லை.

என் கணக்கு அங்கேதான் தவறியது. சாமி குத்தம் என்பது போன வருஷம் என் வாயை அடைக்க அவர் சொன்ன சால்ஜாப்பு என்றுதான் நான் நம்பியிருந்தேன். இந்த மனுஷன் நிஜமாகவே நம்பியிருக்கிறார். பூஜையில் வைத்தது பூஜையில்தான் இருக்க வேண்டும், அது அவருடைய உயிரே ஆனாலும். மனசு இளகியதா என்று கேட்பீர்கள். இல்லை. இன்னும் ஆத்திரம்தான் வந்தது. நம்பிக்கையோடு செய்துவிட்டால் செத்தது எழுந்து வருமா? அன்று முழுக்க அவர் அந்தப் பக்கம் போகவில்லை. சுண்டல் கொடுத்தேன், சாப்பிட்டார்.

காலையில் மறுபூஜை முடித்து, முதலில் அதைத்தான் எடுத்தார். தாடைகளில் செம்பொடியாகத் துரு பூத்திருந்தது. வாசலில் உட்கார்ந்து பனியன் துணியால் துடைத்தார். எண்ணெய் ஒரு சொட்டு இல்லை, பத்துச் சொட்டு விட்டார். திருகைத் திருப்பினார். கரகரவென்று மணல் அரைக்கிற சத்தம் கூடத்தில் நின்ற எனக்குக் கேட்டது. பிறகு ஷெட்டுக்குள் போய் அளவு தெரிந்த துண்டுகளை வைத்து வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் அளவு காட்டியிருக்க வேண்டும். துண்டை மாற்றினார், துடைத்தார், மறுபடி வைத்தார். லேத்தை ஓட்டவேயில்லை.

நான் ஷெட் வாசலில் போய் நின்றேன். "ராவெல்லாம் சாமி கிட்டயேதான வெச்சிருந்த. நான்கூட எடுக்கலியே. பின்ன ஏன்யா கெட்டுப்போச்சி?"

அவர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டைவிரலால் அதில் பொறித்திருந்த அளவு எழுத்துகளின் மேல் தடவினார். தலை நிமிராமலே கேட்டார்.

"அன்னிக்கி ஒனக்கு இப்பிடித்தான் இருந்திச்சாமே?"

ஒரு வருஷமும் ஒரு நாளும் நான் காத்திருந்த வார்த்தை அதுதான். வந்துவிட்டது. அவர் குரல் உடைந்திருந்தது, அது நடிப்பில்லை. நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இரண்டு பேரும் அழுது முடித்திருப்போம்.

"இல்ல" என்றேன். "இது இரும்புயா. வலிக்காது. அதுங்க பதினொண்ணும் மூச்சுக்கு வாயத் தொறந்து தொறந்து என்னப் பாத்துச்சிங்கோ. நான் கிண்ணத்தப் புடிச்சிக்கினு காலம்பறலருந்து வெளக்கு வெக்கிற வரிக்கும் நின்னேன். நீ பக்கத்து ஷெட்ல புஷ்ஷு கடஞ்சிக்கினு இருந்த."

அவர் முகம் அப்படியே சுருங்கியது. கையிலிருந்ததை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் வாசற்படியிலேயே நின்று அதைக் கடைசிவரை பார்த்தேன். எனக்குப் போதவில்லை.